போனுக்குள் ஒரு மஞ்சள் பஸ்

நவ. 5, புதன்

காலையிலிருந்து தூறல். சாமை காயப்போட முடியவில்லை. ஜாக்கெட் இரண்டு தைத்தாயிற்று, கொக்கி வைப்பது பாக்கி.

வேலூர் ஆஸ்பத்திரி மேடம் கொடுத்த நோட்டில், மகள் தேனு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் காது மெஷின் போட்டிருந்தாள் என்று மட்டும் எழுத வேண்டும். மற்றதெல்லாம் எழுத இந்த நோட்டு. யாரும் பார்க்கப் போவதில்லை, கையெழுத்து எப்படி இருந்தால் என்ன.

நேற்று வேலூர் போகும்போது நடந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவு. பஸ் இரைச்சல் தாங்காமல் தேனு மெஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். சாமை மூட்டைகளுக்கு நடுவில் எங்கோ போய் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கண்டக்டர் ஏகாம்பரம் அண்ணன் விசில் ஊதி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"யாரும் கால ஆட்டாதீங்க! பாப்பா காது மெஷினு கீழ கீது!"

பஸ் முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு அம்மா மூட்டை இடுக்கில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். முந்தானையால் துடைத்தும் கொடுத்தார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

மேடம் சொன்னது, மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்: வருகிற செவ்வாய் கண்ணாடி ரூமில் டெஸ்ட். சத்தம் கேட்டால் வளையத்தைக் குச்சியில் மாட்ட வேண்டும். போன தடவை தேனு ஒன்றுகூட மாட்டவில்லை. "இந்த தடவையும் மாட்டலைன்னா மெஷின் பத்தலைன்னு அர்த்தம். ஆபரேஷன் பத்திப் பேசணும்மா."

நாலு வயசுக் குழந்தைக்குத் தலையில் ஆபரேஷன்.

இன்னொன்றும் சொன்னார்: "பஸ்லயும் கழட்ட விடாதீங்க. போன்ல ஏதாவது வெளையாட்டு போட்டுக் குடுங்க. கைக்கு வேலை இருந்தா காதுக்குப் போகாது."

குழந்தை கையில் போனே கொடுக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்!

நவ. 7, வெள்ளி

மழை விட்டது. கொக்கி இன்னும் வைக்கவில்லை.

நாத்தனார் சுமதியைக் கூட்டிக்கொண்டு டவர் திருப்பத்துக்கு நடந்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னலே கிடையாது. ஆலங்காயம் போகிற ரோட்டில் அந்த ஒரு வளைவில்தான் நன்றாகக் கிடைக்கும். பஸ்ஸே அங்கே இரண்டு நிமிஷம் நிற்கும். ஏகாம்பரம் அண்ணன் ஸ்டாப் பேர் சொல்வதுபோல "டவர், டவர்" என்று கூவுவார். எல்லோர் போனும் டிங் டிங். விசில் ஊதியதும் எல்லோரும் பாதிப் பேச்சில் கட். நான் என் வீட்டுக்காரரிடம் பேசுவதெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில்தான். அவர் குடகில், காபி எஸ்டேட்டில். தை மாசம்தான் வருவார்.

சுமதி ஆறு விளையாட்டு இறக்கிக் கொடுத்தாள்.

பழம் வெட்டுவது
கலர் அடிப்பது
மீன் பிடிப்பது
பலூன் உடைப்பது
வீடு கட்டுவது
மஞ்சள் பஸ்

கடைசியாக உள்ளது சும்மா சின்னது, இருக்கட்டும் என்று போட்டாள். "எல்லாப் படமும் வந்துட்ச்சி அண்ணி, வாங்க போலாம். வூட்ல அடுப்பு அப்படியே கீது." திரையில் ஆறு படமும் வரிசையாக வந்திருந்தன. எனக்கும் அது போதும் என்று தோன்றியது.

நவ. 9, ஞாயிறு

விளையாட்டைத் தேனுவிடம் இன்னும் காட்டவில்லை. பஸ்ஸில் புதிதாக இருந்தால்தான் பிடிக்கும். புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தேன்மொழி என்று பேர் வைத்தபோது காது கேட்காது என்று யாருக்குத் தெரியும். இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. மெஷின் காதில்தான் இருக்கிறது.

கொக்கி வைத்து முடித்தேன்.

நவ. 11, செவ்வாய். வேலூர், ஆஸ்பத்திரி பெஞ்சு

இன்னும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலை முதல் பஸ். பனி. டவர் திருப்பம் தாண்டும் வரை தேனு வேடிக்கை பார்த்தாள். வளைவு ஆரம்பித்ததும் கை காதுக்குப் போயிற்று. போனை எடுத்தேன். பழம் வெட்டுவதைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கலர், அதே வட்டம். மீன், பலூன், வீடு, எல்லாம் வட்டம். படம்தான் இறங்கியிருக்கிறது, உள்ளே சரக்கு இறங்கவில்லை. அதற்கு நெட் வேண்டுமாம்! சுமதியை ஒரு பாட்டம் திட்டினேன், மனசுக்குள். என்னையும் சேர்த்துத்தான்.

தேனு மெஷின் வயரைப் பிடித்துவிட்டாள். கடைசியாக மஞ்சள் பஸ்ஸைத் தொட்டேன். திறந்தது!

ஒரு மஞ்சள் பஸ். தொட்டால் "பாம் பாம்". ஸ்டாப்பில் ஆடு ஏறும், கோழி ஏறும், யானை மட்டும் படியில் சிக்கிக்கொள்ளும், அதைத் தள்ளி உள்ளே ஏற்ற வேண்டும். போனுக்குள் பஸ் மெதுவாகவே போவதால் தேனுவுக்கு வாந்தியும் வரவில்லை. டவர் இல்லாததால் நடுவில் விளம்பரமும் வரவில்லை. எங்கள் மலையில் டவர் இல்லாததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொன்னேன்.

அப்புறம்தான் அது. டிரைவர் வளைவில் ஹாரன் அடித்தார். தேனு தன் விரலைப் பார்த்தாள். விரல் போனைத் தொடவே இல்லை. ஒரு தடவை தொட்டாள், பாம் பாம். என்னைப் பார்த்தாள். அடுத்த வளைவு, மறுபடி ஹாரன். இந்தத் தடவை தலையைத் தூக்கி நேராக டிரைவரைப் பார்த்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏகாம்பரம் அண்ணன் பதறிவிட்டார். "இன்னாம்மா, ஏன் அழுவுற?" சொன்னேன். உடனே முன்னால் பார்த்துக் கத்தினார்.

"டிரைவரே, பாப்பாவுக்கு ஹாரன் கேக்குதாம்! அட்ச்சிக்கினே வா!"

ஆலங்காயம் வரை அடித்துக்கொண்டே வந்தார், நேர் ரோட்டிலும். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. "இன்னும் ஒண்ணு அடிங்க" என்று கேட்டவர்களும் உண்டு.

கூப்பிடுகிறார்கள்.

அதே நாள், மதியம்

ஐந்து வளையம்! ஐந்து!

முதல் சத்தத்துக்கு மாட்டவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள், பஸ்ஸில் தூக்கிய அதே மாதிரி. வளையத்தை மாட்டினாள். அப்புறம் வரிசையாக.

மேடம்: "இப்போதைக்கு மெஷினே போதும். ஆபரேஷன் பேச்சு வேணாம். நல்லா பாத்துக்கிறீங்கம்மா."

நான் எங்கே பார்த்துக்கொண்டேன். டிரைவர், கண்டக்டர், பேர் தெரியாத அந்த அம்மா, திட்டு வாங்கிய சுமதி, அந்த விளையாட்டைச் செய்த யாரோ ஒரு மகராசன். எல்லோருக்கும் சேர்த்து மேடத்துக்குக் கும்பிடு போட்டேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இன்னா சொன்னாங்க?" சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.

நவ. 12, புதன்

வெயில். சாமை முற்றத்தில் காய்கிறது. நேற்றுத் திரும்பி வந்ததை எழுத வேண்டும், எழுதாவிட்டால் நடந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை போனில் மஞ்சள் பஸ் ஓடியது. ஆலங்காயத்தில் மலை பஸ் ஏறும்போது போனில் சார்ஜ் சுத்தமாகப் போய்விட்டது. தேனு அழுவாள், மெஷினைப் பிடுங்குவாள் என்று அவள் கைமேல் என் கையை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். அவள் அணைந்த போனை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு என் பைக்குள் தானே வைத்துவிட்டாள். சீட்டில் மண்டியிட்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவரையே பார்த்தாள். காலையில் வந்த அதே டிரைவர். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், ஒவ்வொரு ஹாரனுக்கும் சிரிப்பு.

டவர் திருப்பம். பஸ் நின்றது. எல்லோரும் போனும் கையுமாக. இரண்டு நிமிஷம் ஆயிற்று. தேனுவுக்குப் பொறுமை இல்லை. கம்பியைக் கையால் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"பாம்."

ஏகாம்பரம் அண்ணன் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். பேசிக்கொண்டிருந்தவர்கள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"பாம்!"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "வர்றேன் தாயி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடித்தார் பாருங்கள் ஒரு ஹாரன். பஸ் கிளம்பியது. அன்றைக்கு விசில் இல்லை.

நாலு வருஷமாக அம்மா என்று எப்போது கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அது வரும்போது வரட்டும். பஸ்ஸையே கிளப்பிவிட்டாள் என் மகள்.

மேடம் நோட்டில் மணி எழுத மட்டும்தான் கட்டம் இருக்கிறது. நேற்றைய கட்டத்தில் 'காலை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை, கழட்டவில்லை' என்று எழுதினேன். இடம் போதவில்லை. ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, பெரிதாக எழுதினேன்: பாம்.