என் நண்டு உன் தொட்டியில் ஏன் இருந்தது?

அன்பு மச்சான் மணியம்,

முதலில் ஒரு வெட்கக்கேடு. உன் சாவு வீட்டில் நான் தேம்பித் தேம்பி அழுதது உனக்காக இல்லை. ஒரு நண்டுக்காக.

கிள்ளானில் உன் வீட்டுக் கூடத்தில் கேசட்டில் பக்திப் பாட்டு ஓட, எல்லாரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நான் மட்டும் சுவரோரம் குந்தி உன் உமாங் நண்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் சங்கைச் சுமந்து திரியும் அந்த நண்டுகளில் ஒன்று, சிவப்புப் புள்ளி வைத்த சங்கோடு நடந்து போனது. அந்தப் புள்ளி என் மனைவியின் நகப்பூச்சு. அந்தச் சங்கு என் நண்டு துரையுடையது. பக்கத்து வீட்டு அங்கிள் என் தோளைப் பிடித்து, "தங்கச்சி புருஷன் மேல இவ்ளோ பாசமா? பாவம் லா இவரு" என்றார். யாரோ சோடா வேறு கொடுத்தார்கள். குடித்தேன்.

ஞாபகம் இருக்கிறதா? சில மாதம் முன் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து என் தொட்டிக்குள் மூக்கை விட்டாய். மணலில் ரவையை விடச் சின்னதாக வெள்ளைப் பூச்சிகள் ஊர்ந்தன.

"யோவ் மச்சான், நேத்து போட்ட பப்பாளி இன்னும் உள்ள கெடக்கு. இது நண்டு வூடா, பாசார் குப்பைத்தொட்டியா?"

"மெதுவா சாப்பிடட்டும்னு விட்டேன்."

"சாப்பிடுறது நண்டு இல்ல, பூச்சி."

மணலை வாணலியில் வறுக்கச் சொன்னாய். கடலைக்காரன் மாதிரி நின்று வறுத்தேன். எறும்பு ஏறாமல் மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாய். மருந்தடிக்கும் டின்னை என் கையிலிருந்து பிடுங்கி, "இத அடிச்சா பூச்சிக்கு முன்னாடி நண்டு போய்டும்" என்றாய். அதுவரை நீ தெய்வம். பிறகு, "இதுக்கு ரொம்ப முத்திப்போச்சு, நான் வெச்சுப் பாக்கறேன்" என்று துரையை பிஸ்கட் டின்னில் போட்டுக் கிள்ளானுக்குக் கொண்டுபோனாய்.

திரும்பி வந்தது ஒரு பெரிய பச்சைச் சங்கில். கேட்டதற்கு, "பழைய சங்குல பூச்சி முட்டை. ஆத்துல தூக்கிப் போட்டேன். வேற சங்கு வெச்சேன், அதுவே மாறிக்கிச்சு" என்றாய். நம்பினேன். பகலெல்லாம் அந்தச் சங்குக்குள் புதைந்து கிடக்கும், முகமே தெரியாது. உடம்பு தேறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆற்றில் போன சங்கு உன் கூடத்தில் எப்படி நடந்தது, மச்சான்? ஏதோ ஒரு நண்டை என் தலையில் கட்டிவிட்டு, துரையை நீ வைத்துக்கொண்டாயா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. கொடுத்திருக்க மாட்டேன், சரி. ஆனாலும் கேட்டிருக்கலாம். உன்னை நம்பி என் தங்கையையே கொடுத்தேன். அதில் ஏமாறவில்லை, நண்டில் ஏமாந்தேன்.

தங்கச்சி லெட்சுமியிடம் ஜாடையாக விசாரித்தேன். "அந்தச் செவப்புப் புள்ளியா? அது அவரு உசுருண்ணே. யாரையும் தொட விடமாட்டாரு." அழுது சிவந்த கண்ணோடு அவள் அதைச் சொல்ல, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது உன் தொட்டி என்னிடம் இருக்கிறது. "பூச்சி வந்தா எனக்குப் பாக்கத் தெரியாதுண்ணே" என்று அவளே கொடுத்துவிட்டாள். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். குலுக்கலில் எல்லாம் சங்குக்குள் ஒடுங்கியவைதான், இன்னும் வெளியே வரவில்லை. பதினாறாம் நாள் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்கிறாள். நான் என்ன பேச? நல்லவன் என்றா? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உன் தொட்டியில் ஒரு பூச்சி அண்டாது. மணலை வறுப்பேன், மீந்த தீனியைக் காலையிலேயே எடுத்துவிடுவேன். மன்னிப்பை மட்டும் எதிர்பார்க்காதே.

ஏமாந்துபோன உன் மச்சான்,
லெட்சுமியின் அண்ணன் குமரேசு

பி.கு.: இப்போதுதான் எல்லாம் தீனிக்கு வெளியே வந்தன. சிவப்புப் புள்ளிச் சங்கில் இருக்கும் நண்டுக்குக் கால்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. என் துரைக்கு ஒரு கால் பாதிதான். என் சாய்வு நாற்காலி நசுக்கியது. பாதிக் கால் நண்டு என் தொட்டியில், நீ திருப்பித் தந்த பச்சைச் சங்குக்குள் இருக்கிறது.