தலைவர் பேச்சுக்கு என் தெலுங்கு

தை 22, வியாழன்

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. கம்பெனி பஸ்கள் லைட் போட்டுக்கொண்டு போயின. முட்டி வலி. தைலம் வாங்க வேண்டும்.

ஒன்றியச் செயலாளர் முருகேசன் போன். ஞாயிறு சாயங்காலம் அக்கா ஊரில் தலைவர் கூட்டம். அவர் பேசப் பேச தெலுங்கில் சொல்ல நான்தான் வேண்டுமாம். வேறு யார் இருக்கிறார்கள்? எட்டாவதோடு நின்றவன், ஐந்து மொழி. (உருது பாதி. இங்கிலீஷ் கம்பெனி கேட் வரை.) தெலுங்கு பேசும் அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தலைவரின் குரலே என் குரல்தான். போன தடவை பத்தாயிரம் பேர். சேர் முந்நூறு, மீதிப் பேர் நின்றார்கள்.

"என்ன பேசப்போறாரு தம்பி?"

"கம்பெனிக்கு நிலம் எடுக்கிறதப் பத்தி மாமா."

"எடுக்கலாம்னா, கூடாதுன்னா?"

"அது இன்னும் முடிவாகல மாமா."

தலைவர் இதுவரை சொன்னதை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன்.

முதல் தேர்தல்: ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள்.
மந்திரி ஆனதும்: பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா, கொடுங்கள்.
தோற்றதும்: புல்டோசர் முன்னால் படுப்பேன். (நான் தெலுங்கில்: குடும்பத்தோடு படுப்பார்.)
கட்சி மாறியதும்: ஆய்வு செய்ய வேண்டும். எனக்கும் துண்டு மாறியது.
இப்போது: ?

எல்லாவற்றுக்கும் கைதட்டல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எதை நம்பினேன் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. டீ குடித்தேன்.

தை 23, வெள்ளி

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் அக்கா வீட்டுக்கு. டிரைவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். (பின்னால் யாரும் இருந்தார்களா, பார்க்கவில்லை.)

அக்கா ராதம்மா ரோஜா அறுத்துக்கொண்டிருந்தாள். காதலர் தினத்துக்குப் பெங்களூர் வண்டி தினமும் வருகிறதாம். கையெல்லாம் முள் கீறல். ஒன்றரை ஏக்கர். அவள் புருஷன் இறந்த பிறகு அவளுக்கு அதுதான். சாமி படத்துக்குக் கீழே ஒரு காகிதம். நிலம் எடுக்க நோட்டீஸ். ஆட்சேபணை இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மனு கொடுத்தியாக்கா?"

"எதுக்குடா தம்முடு? தலைவர்தான் வாக்குக் கொடுத்திருக்காரே." எங்களுக்குள் தெலுங்குதான், இங்கே தமிழில் எழுதுகிறேன். "ரோஜாத் தோட்டத்தத் தொட மாட்டேன்னு மேடையில சொன்னாரே. அத நம்பித்தானே ராகிக் காட்டையும் ரோஜாவாக்கினேன்."

எனக்கு விக்கல்.

தலைவர் அப்படிச் சொல்லவில்லை. மந்திரியாக வந்து "கொடுங்கள்" என்றார். கூட்டம் முறைத்தது. நான்தான் தெலுங்கில், "ஆனால் ரோஜாத் தோட்டத்தைத் தொட மாட்டேன், இது என் தாய் மேல் ஆணை" என்று சேர்த்துவிட்டேன். அப்படி ஒரு கைதட்டல். "என்னய்யா இவ்ளோ தட்டுறாங்க?" என்றார். "உங்க ராசிண்ணே" என்றேன்.

அக்காவுக்குச் சந்தைத் தமிழ் வரும். மேடைத் தமிழ் புரியாது. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதை அவளிடம் சொல்லாமலே இரண்டு கட்டு ரோஜாவோடு திரும்பினேன்.

தை 24, சனி

வெயில். மனைவி ரோஜாவைப் பார்த்து, "யாருக்கு?" என்றாள். உனக்குத்தான், பெங்களூரில் சொல்லி வரவழைத்தேன் என்றேன். "உங்க அக்கா வாழைநார்ல கட்டுற கட்டு எனக்குத் தெரியாதா?" உட்கார வைத்து என் வாயிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள்.

"போய் உண்மையச் சொல்லுங்க."

"தலைவரையே நாளைக்கு அதைச் சொல்ல வெச்சுட்டா?"

நல்ல யோசனைதான். முருகேசனுக்கு மூன்று தடவை போன்.

"ரோஜா பத்தி ஒரே ஒரு வரி தம்பி."

"மாமா, மேல என்ன நெனக்கிறாங்கன்னே தெரியல. காலையில ஒரு பேப்பர் வந்துச்சு, மத்தியானம் வேற வந்துச்சு. ரெண்டும் எங்கிட்ட இருக்கு. நானே குழம்பிப்போய் இருக்கேன்."

தைலம் மறந்தேன்.

தை 25, ஞாயிறு

கூட்டம். சேர் இருநூறு. ஐயாயிரம் பேர் இருப்பார்கள். சரி, இருநூறு.

மூன்றாவது வரிசையில் அக்கா. புதுப் புடவை. மடியில் நோட்டீஸ்.

தலைவர் பேசினார்: "தொழிலும் ஒரு கண், விவசாயமும் ஒரு கண். எந்தக் கண்ணையும் நாம இழக்க முடியாது. காலத்தோட முடிவைக் காலமே சொல்லும்." என் பக்கம் திரும்பினார். என் முறை.

எத்தனை கூட்டம் பார்த்தவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். கொடு என்கிறாரா, கொடுக்காதே என்கிறாரா? சேர்க்கவும் ஒன்றும் இல்லை, விடவும் ஒன்றும் இல்லை. அக்கா தலையை நிமிர்த்தி என் வாயையே பார்த்தாள்.

தெலுங்கில் சொன்னேன்: "இவர் இப்ப எதுவும் சொல்லல. ரோஜாத் தோட்டத்தப் பத்தி என்னைக்குமே சொன்னதில்ல. அது நான் சேர்த்தது. மனு கொடுக்க நாளைக்குத்தான் கடைசி நாள். போய்க் கொடுங்க."

பின்னால் யாரோ, "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான்டா சரியாச் சொல்ற!" என்று கத்தினான். சிரிப்பு. பிறகு கைதட்டல், விசில். தலைவர் எழுந்து கும்பிட்டார். மைக்கை மூடிக்கொண்டு, "அருமை" என்றார்.

அக்கா தட்டவில்லை. எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன், முட்டி விடவில்லை.

தை 26, திங்கள்

பனி. தாலுகா ஆபீஸ் வாசலில் எட்டு மணிக்கே வரிசை. அந்த ஊர் ஆட்கள்தான். அக்கா நாலாவது. என்னைப் பார்த்ததும் மனுப் பாரத்தையும் பேனாவையும் மட்டும் நீட்டினாள்.

'காரணம்' என்ற இடத்தில் ஆரம்பித்தேன்: தலைமுறை தலைமுறையாக, உலகப் புகழ் பெற்ற...

"என்ன எழுதுற?"

படித்துக் காட்டினேன்.

"அடி அதை. உள்ளதை எழுது."

அடித்தேன். யோசித்து யோசித்து எழுதினேன்: ஒன்றரை ஏக்கர். எல்லாம் ரோஜா. எனக்கு வேறு நிலம் இல்லை.

கையெழுத்துப் போட்டாள். முருகேசன் போன் அடித்தது. அடுத்த கூட்டமாக இருக்கும். எடுக்கவில்லை.

ஜன்னலில் கிளார்க் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா தமிழில் சொன்னாள்:

"அவ்ளோதான் சார்."