தம்மாம் பிரஸும் ஹமீட் மச்சானின் ஒரு கன்னமும்

786
கல்முனைக்குடி
05.12.1982

அன்பு மகன் காலிதீனுக்கு, உன்னை வளர்த்த சாச்சா சீனிமுகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கரையில் நான், வீடு, பூனை மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், அந்தக் கரையில் உன் உடம்பும் மனமும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கேட்கிறேன். இங்கே மாரி பிடித்துவிட்டது. கடல் நம் வளவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, வேலி வரை வரவில்லைதான், ஆனால் சத்தத்தைக் கேட்டால் வந்த மாதிரித்தான் இருக்கிறது. உன் சாச்சி ஸம்ஸியா மவுத்தான பிறகு வருகிற இரண்டாவது மாரி இது. போன மாரியில் கூரை ஒழுகுது என்று அவளிடம் சொல்ல வாயெடுத்துவிட்டுப் பிறகு நானே எழும்பிச் சட்டி வைத்தேன், இந்த மாரியில் வாயெடுக்காமலே சட்டி வைக்கப் பழகிவிட்டேன், ஆகையால் என்னைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்காதே. பகலைக்குக் கடைச்சோறு, இராவைக்கு ரொட்டி. கடைக்காரன் எனக்கென்று பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைக்கிறான், இந்தச் சீனிமுகம்மது யார் என்று அவனுக்குத் தெரியும்.

உன்னோடு சவூதியில், தம்மாமில் வேலை செய்கிற மருதமுனைச் சரீப் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய சேவிங் செட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தான். மகன், அதைப் பற்றி என்ன சொல்ல. கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் அப்படி ஒரு சாமான் இன்னொருவன் கையில் இல்லை, இதை நான் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். றேசரின் பாரம் ஒன்றே போதும், கையால் அமர்த்தத் தேவையில்லை, கன்னத்தில் வைத்தால் தன்பாட்டில் இறங்கி வருகிறது. அடியில் திருகினால் மேலே மூடி கழன்று பிளேட் மாற்ற வழி விடுகிறது. அந்த வட்டச் சவர்க்காரமும் கிண்ணமும் வாசமும், பிளேட் வைத்த கடுதாசியைக்கூட நான் எறியவில்லை. நுரை போடுகிற பிரஸ் இருக்கிறதே, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சவர்க்காரத்தில் நாலு சுற்றுச் சுற்றினால் வருகிற நுரையில் ஒரு தோணியை ஏற்றி விடலாம். தாடியை விட்டுவிட்டுக் கன்னத்தையும் கழுத்தையும் மட்டும் வழித்துக் கரை பிடித்தேன், எரிவுக்குச் சீனாக்காரக் கட்டியை, அந்தப் படிகாரத்தைத் தடவிக்கொண்டு பள்ளிக்குப் போனேன், வாசலில் நின்றவர்கள் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். ஐந்து என்றுதான் சொன்னார்கள், அதைவிடு.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலையில் நம் வீட்டு வாங்குப்பலகையில் இடம் கிடையாது. ஜும்ஆவுக்கு முதல் கன்னம் வழிக்க வயல்காரர், கடைக்காரர் எல்லாரும் வந்தார்கள், சந்தையடி சலூனில் ஆள் இல்லாமல் ஈ ஓட்டினார்களாம். நான்தான் நுரை போடுவேன், நான்தான் வழிப்பேன், காசு ஒரு சதம் வாங்கவில்லை. வெந்நீரில் துணியைப் பிழிந்து முகத்தில் கொஞ்ச நேரம் போட்டு வைக்க வேண்டும், மயிர் சாயும் பக்கமாகத்தான் இறக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஏற்றக் கூடாது, இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன், சரீபும் கொஞ்சம் சொன்னான். கதை என்ன, சிரிப்பு என்ன, தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பை விட்டு இறங்காது. ஒரு மனிசனின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பி இப்படிப் பார், அப்படிப் பார் என்று சொல்லி எத்தனை காலம் மகன். சின்னப் பிள்ளையாக நீ சோறு தின்ன மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தபோது பிடித்ததற்குப் பிறகு இப்போதுதான்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் அப்துல் ஹமீட் மச்சானின் இளைய மகள் முனவ்வறாவை உனக்குப் பேசிக்கொண்டிருப்பது நீ அறிந்ததுதான். பிள்ளை குணமானது, ஓதியிருக்கிறது, தையலும் தெரியும், இதெல்லாம் ஏற்கெனவே எழுதினேன். எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். கல்யாணம் முடிந்தால் நீ பெண்வீட்டில்தான் இருப்பாய், நம் வழக்கம் அது, நிந்தவூரில் எடுத்தால் நீ நிந்தவூர் ஆள், பெருநாளைக்குப் பெருநாள் முகம் காட்டுவாய். ஹமீட் மச்சான் மகளுக்குக் கட்டுகிற வீடு நம் வேலியிலிருந்து மூன்றாவது வேலி. இங்கே நின்று நான் இருமினால் அங்கே உனக்குக் கேட்கும். அந்த வீட்டுக்கு இப்போது கூரைமட்டம் வரை கல் ஏறிவிட்டது, நான் தினமும் போய்ப் பார்த்து மேசனுக்குப் புத்தி சொல்லிவிட்டு வருவேன், அவன் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஹமீட் மச்சான் தானே நடந்து நம் வீட்டுக்கு வந்தார். சம்மதம் சொல்லத்தான் வருகிறார் என்று அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சபையில் எல்லாரையும் எழுப்பிவிட்டு அவரைக் கதிரையில் இருத்தினேன், புது பிளேட் போட்டேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நுரை எடுத்து அவர் கன்னங்களில் பூசினேன். ஒரு கன்னம் வழித்து முடிந்தது, கண்ணாடி மாதிரி. மற்றக் கன்னத்துக்குத் திரும்பும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டே, இந்தப் பிரஸ் நல்ல பதமாக இரிக்கி சீனி, இது என்னத்திட மயிரு என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் மகன், நீயும் எழுதவில்லை. ஆனால் இத்தனை பேர் இருக்கிற இடத்தில், சம்பந்தக்காரர் ஆகப்போகிற ஒருவர் வாய்திறந்து கேட்கும்போது, என் மகன் அனுப்பிய சாமானைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது. இங்கிலாந்துக் காட்டில் இருக்கிற ஒரு மிருகம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், சபை வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நிறுத்த வரவில்லை. குட்டைக் கால், முதுகில் நிமிர்ந்த மயிர், இராவில் திரிந்து மூஞ்சியால் நிலத்தைக் கிண்டிக் கிழங்கு தின்னும், கடைவாயில் இரண்டு பல் வளைந்து வெளியே நிற்கும், வேட்டைக்குப் போகிற துரைமாரே அதற்குப் பயந்து மரத்தில் ஏறுவார்கள் என்று நல்ல எடுப்பாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

வாங்கில் இருந்த கச்சிமுகம்மது காக்காவை உனக்குத் தெரியும், மேட்டு வயலில் இராக்காவல் இருந்து கிழடானவர். அவர் மெதுவாக எழும்பி, சீனி, நீ சொல்ற இந்தச் சாமான்தான்டா என்ட வேளாண்மைய முந்தாநாள் உழக்கிட்டுப் போனது என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பன்றி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவும் இல்லை. ஹமீட் மச்சான் கண்ணைத் திறந்தார், ஒரு கன்னம் வழித்தபடி, மற்றக் கன்னம் நுரையோடு எழும்பி நேரே கிணற்றடிக்குப் போனார். பன்றியின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால், இது நம் மார்க்கம். அவருக்குப் பின்னால் அந்த மாதம் என் கையால் நுரை பூசிய அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். நான்தான் வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன், மண்ணும் நானே கிள்ளிக் கொடுத்தேன். அது அப்படி இல்லை, பல்லும் மூஞ்சியும் கதைக்கு அழகாக நானே வைத்தது என்று சொல்லிப் பார்த்தேன், அப்ப எது மெய் என்று கேட்டார்கள், நான் அடுத்த வாளியை இறக்கினேன். ஹமீட் மச்சான் பாதி வழித்த முகத்தோடு ஜும்ஆவுக்குப் போனார், முன்வரிசையில் இருக்கிற மனிசன். சம்மதமும் சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மனைவி சுபைறா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கதை கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நான் எப்போதும்போல வாங்கைக் கழுவி வைத்து, கேத்தலையும் அடுப்பில் ஏற்றினேன், வெறுங்கையோடு வந்து இருந்து கதைக்கவாவது யாரும் வருவார்கள் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றி ஊற்றி நானே குடித்தேன், அன்றைக்குச் சாமம் வரை நித்திரை வரவில்லை. பிரஸைத் தொடாமல் ஒரு சிரட்டையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். றேசர் இரும்பு, அதில் குற்றம் இல்லை, ஆனால் கையால் சவர்க்காரம் பூசி வழித்தால் தோல் எரிகிறது, அதோடு கண்ணாடியில் ஒரே முகத்தை எவ்வளவு நேரம் வழிக்கிறது. மற்றபடி ரேடியோ இருக்கிறது. ரேடியோவோடு நான் நன்றாகத்தான் சண்டை பிடிக்கிறேன். பூனையும் மழைக்குப் பயந்து இப்போது என் காலடியில்தான் படுக்கிறது, அதற்கு என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை.

நேற்று அஸருக்குப் பிறகு ஹமீட் மச்சான் திரும்ப வந்தார். இந்தத் தரம் செருப்பைக் கழற்றவில்லை, படியிலேயே நின்றார். நான் கதிரையைத் துடைத்தேன், வேண்டாம் என்று கையால் காட்டினார். நான் முந்திக்கொண்டு, பிரஸைப் பற்றி மௌலவியிடம் கேட்டதையும், மகனுக்கு எழுதிக் கேட்கப் போவதையும் சொல்லத் தொடங்கினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. "சீனி, அது குதிரைவால் மயிராம். மருதமுனைக்குப் போய்ச் சரீபுக்கிட்ட நானே கேட்டுட்டன். கடைக்காரன் காலிதீன்ட முகத்துக்கு முன்னால சொல்லித்தான் வித்திருக்கான். அத உடு. உன்ட மகன் இன்னும் ரெண்டு வருசத்துக்கு எக்ரிமெண்ட் வெச்சிட்டானாமே. நோன்புப் பெருநாளைக்கு வந்திருவான், வந்திருவான்னு நீ சொல்லச் சொல்லத்தான் நான் கல்லு அடுக்கினன். இத ஏன்டா எனக்கு ஒளிச்ச?" குரலை உயர்த்தவில்லை. அப்படிக் கதைக்கிற ஆளுக்கு உயர்த்தத் தேவையும் இல்லை.

மகன், குதிரை என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பன்றியைவிட எத்தனையோ நல்ல கதை சொல்லியிருப்பேன். அதுதான் முதலில் மனதில் வந்தது, மற்றது, அந்த இரண்டு வருசம், வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்த பிறகு நான் சிரித்தேன். ஓம் மச்சான், அவன் எனக்கு எப்பவோ எழுதிட்டான், சரியான நேரம் பார்த்து உங்களுக்குச் சொல்லத்தான் வெச்சிருந்தன் என்றேன். வேறு என்ன சொல்வது. சாச்சாவுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்கிற பிள்ளை என்று அவர் உன்னைப் பற்றி நினைக்கக் கூடாது, பெண் கொடுக்கிறவர் அதைத்தானே முதலில் பார்ப்பார். பொய்யன் என்று என்னைப் பற்றி நினைத்தால் அதில் ஊருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அவர், ரெண்டு வருசம் பிள்ளைய வெச்சிரிக்க ஏலா, பெருநாளைக்கு ஒரு மாசமாவது வந்து நிக்காஹ் முடிச்சிட்டுப் போகட்டும், இல்லாட்டி நிந்தவூரிலருந்து கேட்டு வந்திரிக்காங்க என்றார். வருவானா என்று கேட்டார். பதில் வாயில் வந்தது, எழுபது விதமாக வந்தது, சொல்லவில்லை. கேட்டுச் சொல்றன் என்றேன். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஏன் எழுதவில்லை என்று உன்னை நான் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் எழுதுவாய், அதை நான் தனியே இருந்து வாசிக்க வேண்டி வரும். உனக்கு அங்கே வெயிலும் கொம்பனிக்காரனும் என்னென்ன சொன்னார்களோ. உடம்பைப் பார்த்துக்கொள், வியர்வையோடு தலையில் தண்ணி வார்க்காதே, பழைய பிளேட்டால் முகத்தை அறுக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் கையில் பரக்கத்தையும் உன் வழியில் பாதுகாப்பையும் தரட்டும், உன் சாச்சியின் கபுறடிக்குப் போகும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் ஓதுகிறேன். ஒரே ஒரு காரியம் மறந்துவிடாதே. ஒப்பந்தம் வைத்ததைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் எழுது, மூன்று மாதத்துக்கு முந்திய திகதி போட்டு, சாச்சாவின் சம்மதம் கேட்டு எழுதுவதுபோல. ஹமீட் மச்சான் காட்டு என்று கேட்டால் என் கையில் ஒன்று இருக்க வேண்டும். தபால் முத்திரையைக் கேட்டால், கவரைக் கிழித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். பெருநாளைக்கு வருவதையோ வராததையோ அந்தக் கடிதத்தில் எழுதாதே, பழைய திகதிக் கடிதத்தில் அது இருக்க முடியாது. அதற்கு வேறு ஒரு கடிதம் எழுது, எழுதுகிற அன்றைய திகதியைப் போட்டு.

இப்படிக்கு,
உன் வாப்பாவின் தம்பி, உன் சாச்சா
சீனிமுகம்மது