புழு தொடாத கீரை

தலாத், மார்ச் 9

அன்புள்ள தியெப்புக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் குழந்தை மியென் கஞ்சியைத் துப்பாமல் குடிக்கிறாளா? நான் நலம். மலைக்குளிர்தான் விரலுக்குள் இறங்குகிறது.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. மதியச் சூப்பில் போட, பிளாஸ்டிக் கூடாரத்துத் தோட்டத்தில் கொஞ்சம் கடுகுக்கீரை பறித்தேன். முதலாளியின் மனைவி லாய் அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"அடியே, இது விக்கிறதுக்குடி! நாம திங்கிறது வீட்டுக்குப் பின்னால இருக்கு. அங்க போய்ப் பறி."

பின்பக்கக் கீரையில் இலைக்கு இலை ஓட்டை. கூடாரத்தில் ஒரு இலையில்கூட இல்லை. என்ன தெளிக்கிறீர்கள் என்று கேட்டால், "செடிக்குச் சத்து மருந்துடி" என்று சிரிக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்பக்கத்துப் புழு ஒன்றைப் பிடித்துக் கூடாரத்து இலையில் விட்டேன். நாங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் அது சுருண்டு செத்துக் கிடந்தது. அந்தக் கீரைக்குத்தான் இத்தனை நாள் 'இயற்கை விளைச்சல்' என்று பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்! மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லி, சீட்டு ஒட்டுவதை விட்டுப் பெட்டி கழுவப் போய்விட்டேன். அதிலிருந்து லாய் அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அதனால் இந்தக் கடிதத்தை அவரிடம் தராமல் லாரிக்காரரிடம் தருகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் கருவாடும், மியென் போட்டுக் கிழிந்த சட்டை ஒன்றும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

என் கை பட்டதாக இருக்கும் என்று, விலை கூடினாலும் அங்கே சந்தையில் பச்சைச் சீட்டுக் கீரையே வாங்குவதாகச் சொன்னீர்களே, இனி வாங்காதீர்கள். வீட்டில் மிச்சமிருந்தால் வாத்துக்கும் போடாதீர்கள்.

லாரி கிளம்புகிறது.

தொம்