வைகாசி இரண்டு, செவ்வாய்

அணைக்கட்டு வேலை முகாம்,
கிருஷ்ணகிரி,
2-6-1956

அன்புள்ள பூவம்மாளுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. ஞாபகந்தான் தேறவில்லை. அந்த விஷக்காய்ச்சலுக்கு அப்புறம் நடப்பது எதுவும் பத்து நாளுக்கு மேல் நிற்பதில்லை. நீ பழக்கிவிட்டபடி தினமும் நோட்டில் நாலு வரி எழுதிக்கொள்கிறேன்.

நேற்று நம்மூர் ராமப்பன் வந்தான். வைகாசி இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை கிருஷ்ணப்பன் நம் பங்குக் கிணற்றில் செத்துக் கிடந்தானாமே! "தண்ணி மொறைக்கு நீதான அவங்கூட மல்லுக்கு நின்ன? போலீசு உன்னத்தான் தேடும் பாத்துக்க" என்கிறான்.

எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. இந்த நோட்டு மறுநாள் புதன்கிழமைதான் தொடங்குகிறது. "பூவம்மாள் வேலைக்கு அனுப்பினாள்" என்று முதல் வரி. நான் ஏன் மறுநாளே ஊரைவிட்டு வந்தேன்? என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது. பழைய நோட்டில் செவ்வாய்க்கிழமை என்ன இருக்கிறதோ அப்படியே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பேரிகை,
6-6-1956

அன்புள்ள மாமாவுக்கு,

ராமப்பனுக்கு வேறு வேலை இல்லை. கோழி அறுக்கக்கூட என் அண்ணனைக் கூப்பிடுகிற ஆள் நீங்கள், மனுஷனையா கொல்வீர்கள்? பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. போலீஸ்காரர் வந்து கேட்டார். கூலிக்குப் போயிருக்கிறார் என்றேன். இப்போதைக்கு ஊருக்கு வர வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
பூவம்மாள்

கிருஷ்ணகிரி,
10-6-1956

பூவம்மா,

மூன்று வாரத்தில் ஒரு முழு நோட்டைக் கரையான் தின்னுமா? நீ மறைக்கிறாய். மறைக்கிறாய் என்றால் நான்தான் செய்திருக்கிறேன். சோறு இறங்கவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்குகிறேன். இப்படிப் பிழைக்க முடியாது. பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிடப் போகிறேன். என்னை மன்னித்துவிடு.

தீர்த்தகிரி

பேரிகை,
13-6-1956

மாமா,

தபாலில் போடப் பயந்து என் அண்ணன் ராஜப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். பழைய நோட்டின் செவ்வாய்க்கிழமைப் பக்கம் இதோடு இருக்கிறது. அன்றைக்கே கிழித்துவிட்டேன். எரிக்க மட்டும் கை வரவில்லை; உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். நீங்கள் எழுதியது இது:

"செவ்வாய். காலில் முள். நாள் முழுக்க வீட்டில்தான். பூவம்மாள் கிணற்றுக்குப் போனாள். பொழுது சாய நனைந்த சேலையோடு வந்தாள். ரவிக்கை கிழிந்திருக்கிறது. கேட்டால் பேசவில்லை. அழுகிறாள்."

அவன் என் கையைப் பிடித்து இழுத்தான், மாமா. தள்ளினேன். கல்லில் தலை மோதி உள்ளே விழுந்துவிட்டான். படியிறங்கித் தண்ணீரில் தேடினேன். கைக்கு அகப்படவில்லை. கத்திக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் மறந்து போகட்டும் என்றுதான் மறுநாளே உங்களை அனுப்பினேன். உங்கள் மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வரும் என்று நினைக்கவில்லை. நீங்கள் போக வேண்டாம். போகச் சொன்னால் நானே போகிறேன்.

பூவம்மாள்

கிருஷ்ணகிரி,
15-6-1956

என் பூவம்மாளுக்கு,

நீ போக வேண்டாம். அந்தப் பக்கத்தையும் உன் கடிதங்களையும், என் நோட்டில் இதைப் பற்றி எழுதியிருந்த தாள்களையும் முகாம் அடுப்பில் போட்டேன். இதை ராஜப்பனிடமே கொடுத்தனுப்புகிறேன்; படித்தவுடன் என் பழைய கடிதங்களோடு எரித்துவிடு.

இன்றைக்கு நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வைகாசி இரண்டு, செவ்வாய். நானும் பூவம்மாளும் நாள் முழுக்க வீட்டில் இருந்தோம். அவள் என் காலில் முள் எடுத்தாள்." நோட்டைத் திறக்கும்போதெல்லாம் இதைப் படிப்பேன். பத்து நாள் போனால் எனக்கு இதுதான் நடந்தது. அப்புறம் போலீஸ் கேட்டாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். குரல் நடுங்காது.

இந்த ஞாபகத்தோடு உன்னைத்தான் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன். அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பத்து நாளில் அதுவும் அடங்கிவிடும் என்பதுதான் பயமாக இருக்கிறது. நான் ஊருக்கு வந்தபின் என்றைக்காவது நீ உட்கார்ந்து அழுதால், ஏன் என்று கேட்பேன். எத்தனை தரம் கேட்டாலும் சொல்லிவிடாதே.

தீர்த்தகிரி