ப்ரீவியஸ் அட்ரஸ்

அன்புள்ள அம்மாவுக்கு, தாமரைச்செல்வி வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மஸ்கட்டில் எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'ப்ரீவியஸ் அட்ரஸ்' என்றொரு கட்டம். ஆபீசில் இருக்கும் நம் ஒத்தக்கடை ஊர்க்காரர் விக்ரம் அண்ணன், "ப்ரீவியஸ்னா முன்னாடி இருந்த வீடும்மா. திருமங்கலத்து வீட்டப் போடு" என்றார்.

"இப்பவும் அதுதாண்ணே என் வீடு" என்று சண்டைக்கே போய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் எழுத உட்கார்ந்தால், நம் கதவில் பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு இருக்குமே, இரண்டுமே நினைவில் இல்லை. போனில் கேட்க வெட்கமாக இருந்தது. பார்த்து எழுதும்மா. யாராவது இங்கே வந்தால் சுண்டவத்தல் கொடுத்துவிடு. டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் கடிதத்தைக்கூட பஸ் ஸ்டாண்டில் இருக்கும் சித்தப்பா கடைக்குத்தான் போடுகிறேன்.

உன் மகள்,
தாமரை