மூன்று கட்டத்திலும் ‘தாங்கும்’

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயா என்று தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்னவோ உன் பக்கத்து அறையில் குடியிருக்கிற மாதிரி.

துறைமுகத்தை ஆழப்படுத்த அனுமதி கேட்கும் கோப்பு உன் மேசைக்கு வந்திருப்பதாகவும், பவளப்பாறை பற்றிய தாளில் என் கையெழுத்தைப் பார்த்துப் பெருமையாக இருந்ததாகவும் போனில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தாளில் மூன்று கட்டம். கடல் சூட்டை அளக்கும் டிகிரி அக்கா முதல் கட்டத்தில் ‘தாங்கும்’ என்று எழுதினாள், கலக்கும் சாக்கடை நீரைச் சோதிக்கிற வாளிக்காரர் இரண்டாவதில் ‘தாங்கும்’ என்றார், தூர் வாரும்போது கிளம்பும் சேறு என் கட்டம், முப்பது வருடம் முக்குளித்த திமிரில் நானும் ‘தாங்கும்’ என்று போட்டுவிட்டேன். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கட்டத்தை மட்டும் பார்த்தோம், மூன்றும் ஒரே பாறையின் தலையில்தான் விழும் என்பது எங்கள் மூன்று பேர் மண்டையிலும் உறைக்கவில்லை பார்.

போன மாதம் டிகிரி அக்காதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான்கு தொட்டி வைத்தாள். சூடு மட்டும் கொடுத்ததில் பவளம் வெளிறியது, ஆனால் உயிர் இருந்தது. சேறு மட்டும் விட்டதில் கோழை மாதிரி எதையோ கக்கிச் சேற்றைத் தானே தள்ளிவிட்டது. சாக்கடை நீர் மட்டும் விட்டதில் ஓரத்தில் பாசி பிடித்தது, அவ்வளவுதான். நான்காவதில் மூன்றையும் அதே அளவில் சேர்த்துவிட்டாள். ஆறாம் நாள் தொட்டால் சதை கையோடு வந்தது. சூட்டில் சோர்ந்துபோனதற்குச் சேற்றைத் தள்ளத் தெம்பில்லை, மேலே பாசி மூடிவிட்டது. அந்த அழுகல் வாடையோடு வீட்டுக்குப் போனேன், அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பாறைக்கு இறங்கினேன். இந்த வருடம் தண்ணீர் குளிக்கிற வெந்நீர் போல இருக்கிறது. கீழே எப்போதும் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சடசடப்பு ஓயாமல் கேட்கும், இறாலும் மீனும் போடுகிற சத்தம் அது. அன்று என் மூச்சு மட்டும்தான் கேட்டது. வடக்குப் பக்கம் முழுக்க வெள்ளை. எனக்குப் பயமாக இருந்தது கண்ணு, மேலே வந்த பிறகும் அது போகவில்லை. அந்தப் பாறைதான் அலையை உடைத்து அனுப்புகிறது, அது போனால் நம் தெரு மிஞ்சாது. இந்தச் சூட்டில் தூர் வாரும் கப்பலும் வந்து நின்றால் கதை முடிந்தது.

இத்துடன் புதுத் தாள் வைத்திருக்கிறேன். கட்டமே போடவில்லை. ‘சேர்ந்து வந்தால் தாங்காது, கடல் சூடு தணியும்வரை தூர் வாரக் கூடாது’ என்று ஒரே வரி, அதன் கீழே மூன்று பேர் கையெழுத்தும் இருக்கிறது. மற்ற இருவரையும் எழுதவைத்தது நான்தானாம், பெத்த பொண்ணோட ஃபைலையே கெடுக்கறீங்களே என்று எங்கள் ஆய்வுக்கூட மேலதிகாரி கேட்டார், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன் பதவி உயர்வும் இதில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன். பழைய தாளையே அனுப்புவதானால் அதில் என் கையெழுத்தை மட்டும் அடித்துவிடு.

நீ எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது என் வேலை போனதை மட்டும் உளறிவிடாதே, நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா